வெயிட் தூக்கக் கூடாதாம்

போன வாரம், காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். அவளிடம் பளுதூக்கக் கற்றுக்கொள்ள நாலைந்து பெண்பிள்ளைகள் வருகிறார்களாம். வீட்டில் பயப்படுகிறார்களாம். "மேடம், அவங்க கேக்குற கேள்வி எல்லாத்துக்கும் பதில் எழுதி வாட்ஸப்ல அனுப்பிருங்க. அப்படியே பேரண்ட்ஸ் க்ரூப்ல போட்டுர்றேன்" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதைக் குறைத்திருக்கிறேன். அதனால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அவளுக்கும், அவளைப் போல இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பதில் பட்டியல் கிடையாது. வேண்டுமானால் இத்தோடு நிறுத்திவிட்டுப் போங்கள்.

கேள்விகள் எனக்குத் தெரியாததா? குரல் கட்டையாகிவிடும். மீசை முளைக்கும். வளர்த்தி நின்றுவிடும். தோள் அகலமாகிவிட்டால் சேலை கட்டினால் எடுப்பாக இருக்காது. மாப்பிள்ளை கிடைக்க மாட்டான். கர்ப்பப்பை இறங்கிவிடும். விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்த காலம் முழுவதும் இதே கேள்விகளைத்தான் கேட்டேன். மிளகாய் வாங்கப் போனால் கமிஷன் கடைக்காரர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் யாராவது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்திய பேராசிரியை ஒருநாள் என் காதருகே குனிந்து, "ஏம்ப்பா, அந்தப் பிள்ளைங்களுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். விலங்கியல்! இவரே என்னிடம் கேட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்கிறவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். பெண்கள் வீட்டிலும் வேலையிலும் தூக்காத பாரமா, இதைத் தூக்கினால் என்ன ஆகிவிடும் என்பீர்கள். நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, பிள்ளையை மறுநாளிலிருந்து அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள்.

மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை இருந்தாள். சிவகாசியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பயர் ஆபீஸில் வேலை. பட்டாசுக் கம்பெனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்லூரியின் பழைய சைக்கிள் ஷெட்டைத்தான் எங்களுக்குப் பயிற்சி செய்யக் கொடுத்திருந்தார்கள். முதலாண்டில் ஏதோ வேடிக்கை பார்க்க வந்து நின்றவள், மூன்றாம் ஆண்டில் எங்கள் அணியில் முதல் ஆளாகிவிட்டாள். அவளுக்கு அது கடைசி வருஷம். மதுரையில் நடக்கும் போட்டியில் நன்றாகத் தூக்கினால் பல்கலைக்கழக அணிக்குப் போகலாம்.

போட்டி நாள் காலையில் கல்லூரி பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. பிள்ளைகள் எல்லோரும் ஏறியாயிற்று. அப்போது ஒரு பெண்மணி வேகமாக வந்து பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏட்டி மாரி! எறங்கு கீழ!"

மாரீஸ்வரியின் அத்தை, அப்பாவுடைய அக்கா. குருவம்மாள் என்று பெயர். சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை பார்க்கிறவர். தன் மகனுக்கு மாரீஸ்வரியைத்தான் கட்டுவது என்று அவள் வயசுக்கு வந்த அன்றைக்கே முடிவு செய்து வைத்திருந்தார். பிள்ளை இரும்பு தூக்குகிற விஷயம் அதற்கு முந்தின நாள்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தூக்குகிற போட்டோவை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

நான் இறங்கிப் போய்ப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். நம்புங்கள்.

"அம்மா, போட்டிக்குப் போறோம். சாயந்திரம் திரும்பி வந்ததும் பேசுவோம்."

"நீங்க பேசுவீக டீச்சர். படிச்சவுக. எங்க வீட்டுக்கு வாழ வரப்போற பிள்ள. கர்ப்பப்பை எறங்கிப்போச்சுன்னா நீங்களா பாப்பீக?"

"அதெல்லாம் எறங்காதும்மா."

"எறங்காதுன்னு எழுதிக் குடுப்பீகளா?"

டிரைவர் ஹாரனை அடிக்கிறார். நேரத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் உடம்பு எடையைப் பார்த்துப் பதியாவிட்டால் அத்தனை பேரும் திரும்ப வேண்டியதுதான். பஸ்ஸுக்குள் மாரீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இறங்கவில்லை. இந்த அம்மாளைத் தள்ளிவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னால் நாளைக்கு அந்தக் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளையும் வராது. மாரீஸ்வரியை இறக்கிவிட்டாலோ அவளுடைய மூன்று வருஷ உழைப்பு அந்தப் படியிலேயே முடிந்துவிடும். எனக்கு வந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்களும் ஏறுங்க. வந்து கண்ணால பாத்துட்டு, அப்புறம் சண்ட போடுங்க."

அவரும் அதே வேகத்தில் ஏறிவிட்டார். ஏறின பிறகுதான் அவருக்கே திகைப்பு வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வழி நெடுகப் பாடம் நடத்தினேன். எலும்பு எப்படிப் பலப்படும், தசை எப்படி வளரும், பெண் உடம்பில் மீசை ஏன் முளைக்காது, எல்லாம். குருவம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். திருமங்கலம் நெருங்கும்போது, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"டீச்சர், எனக்கு எறங்கிருச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும் என்கிறாரோ என்று நினைத்தேன்.

"கர்ப்பப்பை. பையனப் பெத்துட்டு, ஒடம்பு தேறுறதுக்கு முந்தியே அச்சாபீஸுக்குப் போயிட்டேன். பேப்பர் கட்டு சொமக்குற வேல. காலண்டர் சீசன், போகலன்னா வேற ஆளப் போட்ருவாக. மொதல்ல இருமுனா மட்டும் என்னமோ மாதிரி இருந்துச்சு. அப்புறம் குத்தவச்சு உக்காந்தா வரும். இப்பெல்லாம் நடந்தாலே கீழ வந்து நிக்கிது. துணியக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறேன்."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"ஒரு தடவ காட்டுனேன். வெயிட்டு தூக்கக் கூடாதும்மான்னு சொல்லி மாத்திர குடுத்தாரு. அடுத்த நாளு வேலைக்குப் போயிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீக? ஆனா அந்த வார்த்த மட்டும் மனசுல நின்னுபோச்சு. வெயிட்டு தூக்குனா இதான் கதின்னு. எங்க தெருவுல எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிருக்கேன்."

வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். "அவுகளுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய?" என்றார்.

உங்களுக்குச் சொல்கிறேன், எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. ஒரு வரி சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பின அந்த டாக்டர்மேல், தெரிந்தும் பேசாமல் இருக்கிற வீட்டுக்காரர்மேல். பயம், மூடநம்பிக்கை, படிப்பறிவில்லாமை என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கில் பேசுகிறோம். இந்த அம்மா தன் உடம்பில் நடந்ததைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதை மூடநம்பிக்கை என்று எந்த வாயால் சொல்வது?

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'பார்த்தீர்களா, இது வேறு, அது வேறு' என்று உடனே ஜெயிக்கப் பார்க்கத் தோன்றும். நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு வந்தது நிஜம். அவளுக்கும் வரும்னு சொல்ல முடியாது. முழுசா வெளக்கிச் சொல்ற அளவுக்கு நான் டாக்டர் இல்ல. நல்ல பொம்பள டாக்டர் ஒருத்தவங்களத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்." அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

போட்டி ஆரம்பித்தது. எடை மாட்டிய கம்பியான பாரை ஒரே இழுப்பில் தலைக்குமேல் கொண்டுபோகிற முதல் பிரிவில் மாரீஸ்வரி நன்றாகவே செய்தாள். இரண்டாவது பிரிவில் பாரை முதலில் தோளுக்கு ஏற்றி, ஆழமாகக் குந்தி எழுந்து, அப்புறம் தலைக்குமேல் தள்ள வேண்டும். அதில் மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றும் போனால் முதல் பிரிவில் செய்ததும் சேர்ந்து போய்விடும்.

முதல் வாய்ப்பில் குந்தினவள் எழவில்லை. பார் முன்னால் விழுந்தது. இரண்டாவதிலும் அதே. அந்த எடையை அவள் சைக்கிள் ஷெட்டில் பேசிச் சிரித்துக்கொண்டே தூக்கியிருக்கிறாள். பார்வையாளர் வரிசையில் முன்னாலேயே குருவம்மாள் உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரி குந்துகிற நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றை முந்தானையோடு இறுக்கிப் பிடித்துக்கொள்வதையும், அவள் அதையே பார்ப்பதையும் கவனித்தேன்.

அத்தையை மண்டபத்துக்கு வெளியே அனுப்பினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் கல்லூரிப் பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். அதற்குள் மாரீஸ்வரி மேடையிலிருந்து இறங்கி வந்து பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"அத்தையப் பாக்காத. எதிர்ச் சுவத்தப் பாரு."

"மேடம், அத்தைக்கு இருக்குறது எனக்குத் தெரியும். அன்னைக்கு டாக்டர்ட்ட தொணைக்குப் போனது நான்தான்." மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "எனக்கும் அப்படி ஆயிருமா?"

மூன்று வருஷமாக என்னிடம் பயிற்சி எடுத்தவள். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கிறாள். எரிச்சல் வராதா?

'அப்படி ஆகவே ஆகாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் டாக்டருடைய அறையில் நின்று பார்த்தவள். வெறும் தைரியம் சொன்னால் அது தைரியம் மட்டும்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நான் அவள் இடுப்புப் பெல்ட்டின் பூட்டில் கை வைத்தேன்.

"அத்த ஒடம்பு தேறுறதுக்கு முன்னால பாரம் சொமந்தாக. ஓய்வே இல்லாம சொமந்தாக. நீ அப்படித் தூக்கல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். பயமா இருந்தா இப்பவே பெல்ட்டக் கழட்டிருவோம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டாக்டர்ட்டக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு."

அந்த நேரம் பார்த்துக் காவலுக்கு நின்ற ஆளை ஒதுக்கிவிட்டு குருவம்மாள் உள்ளே வந்துவிட்டார். வெளியே போகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாரீஸ்வரி உட்கார்ந்திருந்த நாற்காலியையும், ஒருத்தி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்ததையும், இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலோடு நின்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், ஒரு தடவ தூக்குனதுக்கா இவளுக்கு நாற்காலி?"

"ஆமாம்மா. ஒவ்வொரு தடவையும் ஓய்வு எடுத்துத்தான் தூக்கணும்."

"வீட்டுக்குப் போயி?"

"சாப்பிட்டுத் தூங்கணும். அடுத்த நாளு ஒடம்பு வலிச்சா வராதன்னு சொல்லிருவேன்."

அவர் அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மருமகளிடம் சொன்னார்: "ஏட்டி, நாங்க ஒரு கட்ட எறக்குன கையோட அடுத்த கட்டத் தூக்கணும். நின்னா சூப்பர்வைசரு என்னன்னு கேப்பான். எனக்கு எவன்டி நாற்காலி போட்டான்? இப்படி உக்காந்து எந்திரிச்சுத் தூக்கிருந்தா நானும் நல்லாத்தான் இருந்திருப்பேன். போ. போயித் தூக்கு."

மாரீஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போனாள். இந்தமுறை அத்தை அவளுக்குப் பின்னால், மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றார். தோளுக்கு ஏற்றினாள். குந்தினாள். அடியில் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஒரு கத்துக் கத்திக்கொண்டு எழுந்தாள். தலைக்குமேல் தள்ளி அசையாமல் நிறுத்தினாள். வெள்ளிப் பதக்கம். அணியிலும் இடம் கிடைத்தது. திரும்பும் வழியில் அத்தையும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லையே! டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், "சீசன் முடியட்டும் டீச்சர்" என்றார் குருவம்மாள். சீசன் முடிந்தது. "தைப் பொங்கல் கழியட்டும்." கழிந்தது. "அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருந்தாளி வருவாக." அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் சிவகாசிக்குப் போய், ஆட்டோ பிடித்து அச்சாபீஸ் வாசலில் இறங்கினேன். சூப்பர்வைசர் வெளியே வந்து, "என்ன விஷயம் மேடம்?" என்றார். அவருக்குப் பின்னால் குருவம்மாள் கையில் பேப்பர் கட்டோடு நிற்கிறார்.

நான் அவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "இப்ப கூட வர்றீகளா? இல்ல, இவர்ட்டயே விஷயத்தச் சொல்லி லீவு கேக்கவா?"

கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரி வருகிறவரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். இப்படி மிரட்டலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் மிரட்டினேன்.

டாக்டரம்மா நன்றாகவே பார்த்தார். பிரசவத்தில் தளர்ந்த தசை இறுகுவதற்குள் இடைவிடாமல் பாரம் சுமந்ததும், சத்தான சாப்பாடு இல்லாததும், மாதக்கணக்கில் இருந்த இருமலும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்றார். நான் சொல்லித் துணைக்கு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்திருந்த மாரீஸ்வரி தன் கேள்வியையும் கேட்டாள். முறையாகக் கற்றுக்கொண்டு, மூச்சைச் சரியாக விட்டு, ஓய்வெடுத்துத் தூக்குகிற பெண்ணுக்கு அதனாலேயே இப்படி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பின்னால் பிள்ளை பெற்றால் மட்டும் உடம்பு தேறுகிறவரை பாரின் பக்கமே போகக் கூடாது, கீழே கனமாகத் தெரிந்தால் அன்றைக்கே வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாமல் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறீர்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர், "மூணு மாசத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது" என்றார்.

குருவம்மாள் விடவில்லை. "வெயிட்டுன்னா எதும்மா? வெவரமாச் சொல்லுங்க. பேப்பர் கட்டா?"

"ஆமா."

"அரிசி மூட?"

"அதுவும்தான்."

"தண்ணிக் கொடம்?"

"கொடமும் வெயிட்தாம்மா."

குருவம்மாள் கட்டில் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீகளா? கொடமும் வெயிட்டுதானாம்." அந்த மனுஷன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அன்றையிலிருந்து தெருக் குழாயில் குடத்தோடு அவர்தான் வரிசையில் நிற்கிறார் என்று மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாரீஸ்வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அத்தை கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். இத்தனைக்கும் அந்தப் பையனை ஒருத்தரும் கேட்கவே இல்லை. கேட்டபோது, கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்றானாம். இதற்காகவா அந்தம்மா அன்று காலையில் என் பஸ்ஸை மறித்தார்!

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சாயங்காலம், பயிற்சி நடந்துகொண்டிருந்த நேரம் குருவம்மாள் சைக்கிள் ஷெட்டுக்கு வந்தார். கூட அவர் வயதை ஒத்த இரண்டு பெண்கள். தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எங்க அச்சாபீஸ் ஆளுக டீச்சர். இவுகளுக்கும் என்ன மாதிரிதான். நீங்க வந்தாத்தான் டாக்டர்ட்ட வருவோம்னு சொல்றாக."

போட்டிக்கு அதிக நாள் இல்லை. உள்ளே பிள்ளைகள் பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏம்மா, இது என்ன காலேஜா, ஆஸ்பத்திரியா? நான் கோச்சா, ஆயாவா? இங்கன பிள்ளைகள யாரு பாப்பா? நெனச்ச நேரத்துக்கு ஆளுகளக் கூட்டிட்டு வந்து நின்னா நான் என்னதான் செய்ய?"

நான் கத்தி முடிக்கிறவரை குருவம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த என் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கத்தாதீக டீச்சர். ஆட்டோ வெளிய நிக்கிது."

போனேன்.